திரையில் ஒரு புள்ளி: தூசியா, செத்த பிக்ஸெல்லா?

புதிதாக வாங்கிய மொபைல் போன் அல்லது டேப்லட் திரையில் ஒரு சிறு புள்ளி தெரிகிறது. துணியால் துடைக்கிறீர்கள்; போகவில்லை. நகத்தால் சுரண்டுகிறீர்கள், அப்போதும் போகவில்லை. வீட்டில் ஒருவர் தூசி என்கிறார், இன்னொருவர் வைரஸ் என்கிறார். கடைக்காரர், "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? பத்தே நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பெயிண்ட் புரோகிராமே போதும்.

இதை எழுதுவதற்கு என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி காரணம்.

என் அக்கா அரியலூரில் இருக்கிறார். அவர் கணவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகச் சீட்டுப் பணத்தில் பத்து அங்குல டேப்லட் ஒன்றை வாங்கினார்கள். மூன்றாம் நாள் அந்தப் பெண் எனக்குப் போன் செய்து, "மாமா, புக்கை எப்படித் தள்ளினாலும் ஒரு புள்ளி அதே இடத்துல நிக்குது. 'ட' வந்தா 'ட்' மாதிரி இருக்கு, 'ம' வந்தா 'ம்' மாதிரி இருக்கு" என்றாள். தமிழில் ஒரு புள்ளிக்கு எவ்வளவு மதிப்பு என்பது நமக்குத் தெரியும். கடையில் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். கடையில், "அரியலூரில் தூசி இல்லாத வீடு ஏது?" என்று சிரித்துவிட்டு, அதன் மேல் ஒரு டெம்பர்டு கண்ணாடியை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பத்தாம் நாள் நான் சென்னையிலிருந்து ஊருக்கு வந்து சோதித்தேன். அது தூசி அல்ல, செத்த பிக்ஸெல். ஆனால் பில்லில் "குறை இருந்தால் 7 நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்" என்று அச்சிட்டிருந்தது. மூன்றாம் நாளே போய்ச் சொன்னதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை. சர்வீஸ் சென்டரில், "ஒரு புள்ளிக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்றார்கள்.

மூன்றாம் நாளே சரியாகச் சோதித்திருந்தால் வேறு டேப்லட் கிடைத்திருக்கும். இந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

பிக்ஸெல் என்பது என்ன?

நெசவில் ஒவ்வொரு நூலும் சேர்ந்து கரை வருவது போல, திரையில் தெரியும் படம் லட்சக்கணக்கான சிறு கட்டங்கள் சேர்ந்து உருவாகிறது. இந்தக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பிக்ஸெல். ஒவ்வொரு பிக்ஸெல்லுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்ஸெல்கள் உண்டு. மூன்றும் எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தால் மஞ்சள். இப்படித்தான் எல்லா வண்ணங்களும் கிடைக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் காலத்து லேப்டாப்களில் பரவலாக இருந்த திரை அளவு 1366 x 768. பெருக்கினால் 10,49,088 பிக்ஸெல்கள். மூன்றால் பெருக்கினால் 31,47,264 துணைப் பிக்ஸெல்கள். இன்றைய மொபைல் போன்கள் பலவற்றில் 1080 x 2400 திரை இருக்கிறது. அதாவது கையளவுத் திரையில் 25,92,000 பிக்ஸெல்கள்.

எல்.சி.டி. திரையில் ஒவ்வொரு துணைப் பிக்ஸெல்லுக்கும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் சுவிட்சாக இருக்கிறது. திரைக்குப் பின்னால் வெளிச்சம் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். டிரான்சிஸ்டர் தரும் மின்னழுத்தத்தால் திரவப் படிகம் திரும்பி, ஜன்னல் கதவு போல அந்த வெளிச்சத்தை விடும் அல்லது தடுக்கும். ஏதாவது ஒரு சுவிட்ச் பழுதானால் அந்த இடத்தில் கதவு திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும். அமோலெட் வகைத் திரையில் பின்வெளிச்சம் கிடையாது. ஒவ்வொரு பிக்ஸெல்லும் தானே ஒளி தரும். அங்கே பழுது ஏற்பட்டால் பெரும்பாலும் கரும்புள்ளியாகவே தெரியும்.

மூன்று வகைக் குறைகள்

1. செத்த பிக்ஸெல்: மூன்று துணைப் பிக்ஸெல்களும் எரியாது. எந்தப் படம் வந்தாலும் கறுப்பாகவே இருக்கும்.

2. சிக்கிக்கொண்ட பிக்ஸெல்: ஒன்றோ இரண்டோ துணைப் பிக்ஸெல்கள் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் அல்லது மஞ்சள், ஊதா போன்ற கலப்பு நிறத்தில் புள்ளி தெரியும்.

3. எப்போதும் எரியும் பிக்ஸெல்: மூன்றும் அணையாது. இருட்டான படத்தில் வெள்ளை நட்சத்திரம் போலத் தெரியும்.

இரண்டாம் வகை சில நேரங்களில் சரியாகலாம். முதல் வகை சரியாவது மிக அபூர்வம். எனவே எது என்று அறிவது முக்கியம்.

முதலில் தூசியைச் சந்தேகியுங்கள்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் நாட்களில் வீட்டுக்குள்ளும் தூசி வந்துவிடும். எனவே தூசி என்று சந்தேகிப்பதில் தவறில்லை. சோதிக்காமல் தூசி என்று முடிவு செய்வதுதான் தவறு. கீழ்க்காணும் நான்கு சோதனைகளையும் வரிசையாகச் செய்யுங்கள்.

அணைத்துப் பார்க்கும் சோதனை: திரையை அணைத்துவிட்டு, வேறொரு போனின் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தூசியாக இருந்தால் பளிச்சென்று தெரியும். பிக்ஸெல் குறையாக இருந்தால் அணைந்த திரையில் எதுவும் தெரியாது.

கண்ணாடிச் சோதனை: ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தால், அதற்கு அடியில் சிக்கிய தூசியைச் சுற்றிச் சிறு காற்றுக் குமிழி வளையம் இருக்கும். தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கார்டில் இருக்கும் தூசி, படத்திலிருந்து சற்று விலகி மிதப்பது போலத் தோன்றும். பிக்ஸெல் படத்தோடு ஒட்டியே இருக்கும்.

நகர்த்தும் சோதனை: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் தள்ளுங்கள். புள்ளி எழுத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது படத்தில் இருக்கும் புள்ளி. எழுத்துக்கள் நகர்ந்து புள்ளி மட்டும் நின்றால் அது திரையில் இருக்கிறது. என் அக்கா மகள் தன்னையறியாமல் செய்தது இந்தச் சோதனையைத்தான்.

ஸ்கிரீன்ஷாட் சோதனை: புள்ளி தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்புங்கள். அங்கேயும் புள்ளி தெரிந்தால் அது சாப்ட்வேர் அல்லது படத்தின் கோளாறு. தெரியாவிட்டால் உங்கள் திரையின் கோளாறு. வைரஸ் என்று பயந்தவர்களுக்கும் இதுவே பதில்: வைரஸ் ஒரு பிக்ஸெல்லைச் சாகடிப்பதில்லை.

போட்டோ எடுக்கும்போது மட்டும் புள்ளி வருகிறதா? அப்படியானால் குறை கேமராவில் இருக்கலாம். லென்ஸை விரலால் மூடி ஒரு படம் எடுத்து, அதை வேறொரு போனில் பாருங்கள். இருட்டுப் படத்தில் அதே இடத்தில் வண்ணப் புள்ளி இருந்தால், பழுது திரையில் இல்லை. கேமரா சென்சாரில் இருக்கிறது.

ஐந்து வண்ணச் சோதனை

இப்போது முக்கியமான சோதனைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் பெயிண்ட் புரோகிராமைத் திறந்திடுங்கள்.

1. கண்ட்ரோல் கீயுடன் இ கீயை அழுத்துங்கள். படத்தின் அளவைக் கேட்கும் சிறிய விண்டோ கிடைக்கும். யூனிட்ஸ் என்ற இடத்தில் பிக்ஸெல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலம் 1080, உயரம் 2400 எனக் கொடுத்து ஓகே கிளிக் செய்யுங்கள். உங்கள் போனின் திரை அளவு வேறாக இருந்தால் அந்த எண்களைத் தரலாம். அளவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை; ஒரே வண்ணப் படம் என்பதால் போனில் விரல்களால் பெரிதாக்கித் திரையை நிரப்பிக்கொள்ளலாம்.

2. எடிட் கலர்ஸ் விண்டோவில் ரெட் 255, கிரீன் 0, புளூ 0 எனக் கொடுங்கள். சுத்தமான சிவப்பு கிடைக்கும். வாளி போன்ற பில் டூலை எடுத்துப் படத்தில் ஒரு கிளிக் செய்தால் படம் முழுதும் சிவப்பாகும்.

3. இதை பி.என்.ஜி. பார்மட்டில் சேவ் செய்யுங்கள். ஜேபெக் பார்மட் வேண்டாம். அது வண்ணங்களைச் சற்று மாற்றிவிடக்கூடும்.

4. இதே போலப் பச்சைக்கு 0, 255, 0. நீலத்திற்கு 0, 0, 255. வெள்ளைக்கு 255, 255, 255. கறுப்பிற்கு 0, 0, 0 எனக் கொடுத்து மேலும் நான்கு படங்களைத் தயாரியுங்கள்.

5. ஐந்து படங்களையும் யு.எஸ்.பி. கேபிள் மூலம் போனுக்கு மாற்றுங்கள். கேபிளை இணைத்ததும் போனில் வரும் அறிவிப்பைத் தொட்டு, பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கம்ப்யூட்டரில் போனின் டிரைவ் தெரியும்.

சோதிக்கும் முன், போனில் பிரைட்னஸை முழுதாக வையுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கத் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியை நிறுத்திவிடுங்கள். விளக்கை அணைத்த அறையில், ஒரு சாண் தூரத்தில் திரையை வைத்து ஒவ்வொரு படமாகத் திறந்து, மூலையிலிருந்து மூலைக்கு வரிவரியாகப் பாருங்கள்.

சாம்சங் போன்களில் பல மாடல்களில் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று அழுத்தினாலே சோதனை மெனு வரும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற பட்டன்கள் இருக்கும். லேப்டாப் அல்லது மானிட்டரைச் சோதிக்க வேண்டுமானால் பெயிண்ட்டிலேயே எஃப்11 கீயை அழுத்துங்கள். படம் முழுத் திரையில் தெரியும்.

கிடைத்த விடையை எப்படிப் படிப்பது?

கறுப்புப் படம் தவிர மற்ற எல்லாவற்றிலும் கரும்புள்ளி தெரிந்தால்: செத்த பிக்ஸெல்.

வெள்ளைப் படம் தவிர மற்ற எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி தெரிந்தால்: எப்போதும் எரியும் பிக்ஸெல்.

கறுப்பில் பச்சையாகவும், சிவப்பில் மஞ்சளாகவும், நீலத்தில் வெளிர்நீலமாகவும் தெரிந்து, பச்சையிலும் வெள்ளையிலும் மறைந்துவிட்டால்: பச்சைத் துணைப் பிக்ஸெல் மட்டும் அணையாமல் சிக்கியிருக்கிறது. வெள்ளையில் பச்சையும் ஒரு பங்கு என்பதால்தான் அங்கே அது தெரிவதில்லை. வெள்ளைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "திரை நன்றாக இருக்கிறது" என்று வாங்கிவிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சிவப்பில் கறுப்பாகவும், வெள்ளையில் வெளிர்நீலமாகவும் தெரிந்து, மற்றவற்றில் மறைந்தால்: சிவப்புத் துணைப் பிக்ஸெல் எரியவில்லை.

இன்னும் சந்தேகமா? வெள்ளைப் படத்தைத் திறந்து, புள்ளிக்கு மேல் ஊக்கு நுனி அளவு ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அது பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளைத் தனித்தனியே காணலாம். எரியாத கோடு எது என்று தெரிந்துவிடும். ஸ்பீக்கர், சார்ஜர் துளைகளுக்கு அருகில் இதைச் செய்யவேண்டாம்.

புள்ளிக்குப் பதிலாக நீளக் கோடு தெரிந்தால் அது பிக்ஸெல் குறை அல்ல. திரையின் இணைப்பிலோ, அதை இயக்கும் சிப்பிலோ கோளாறு. மை கொட்டியது போலக் கறை பரவினால் உள்ளே திரை உடைந்திருக்கிறது. வெயிலில் நின்ற லாரியின் டேஷ்போர்டில் வைத்த போன் திரை கறுத்து, நிழலில் ஆறியதும் சரியானால் அது வெப்பத்தால் வந்தது. அப்படி வைப்பதை விட்டுவிடுங்கள்.

சரி செய்ய முடியுமா?

எல்.சி.டி. திரையில் சிக்கிக்கொண்ட பிக்ஸெல்லுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த இடத்தில் வண்ணங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டினால், சில நேரங்களில் துணைப் பிக்ஸெல் மீண்டும் இயங்கத் தொடங்கும். இதற்கான இலவசப் புரோகிராம்கள் உண்டு. விண்டோஸுக்கு யுடிபிக்ஸெல், பிரவுசரிலேயே இயங்கும் ஜேஸ்கிரீன்பிக்ஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. அரை மணி நேரம் இயக்கிப் பாருங்கள். பலன் நிச்சயம் என்று சொல்ல முடியாது. மின்னும் படத்தை உற்றுப் பார்க்கவேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் எதிரிலும் குழந்தைகள் எதிரிலும் இதை இயக்கவே கூடாது.

புள்ளியின் மேல் துணியைச் சுற்றி அழுத்தினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். வாரண்டி இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பக்கத்துப் பிக்ஸெல்களும் கெட்டுவிடலாம். "அழுத்தியதால் வந்த சேதம்" என்று வாரண்டியும் மறுக்கப்படலாம். செத்த பிக்ஸெல்லுக்கும் அமோலெட் திரைக்கும் இந்த வைத்தியங்கள் பயன்படாது. திரையை மாற்றுவதுதான் வழி. அப்படி மாற்றும்போது, அமோலெட் இருந்த இடத்தில் விலை குறைந்த எல்.சி.டி. திரையைச் சிலர் போட்டுவிடக்கூடும். எந்த வகை என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒரு புள்ளிக்கு வாரண்டி உண்டா?

இது பழைய சண்டை. 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானில் சோனி நிறுவனம் பி.எஸ்.பி. என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. 480 x 272 திரை. மொத்தம் 1,30,560 பிக்ஸெல்கள். வாங்கியவர்களில் பலர் திரையில் புள்ளி இருப்பதாகப் புகார் செய்தார்கள். எல்.சி.டி. திரையில் இத்தகைய புள்ளிகள் வருவது இயல்பு, அது பழுதின் அறிகுறி அல்ல என்று கருவியோடு வந்த கையேட்டிலேயே எழுதியிருந்தது. மாறாக, சாம்சங் நிறுவனம் தென் கொரியாவில் மானிட்டரில் ஒரு புள்ளி இருந்தாலும் மாற்றித் தருவதாக அறிவித்தது.

இதற்கென்று உலகத் தர விதியும் உண்டு. 2001-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2, திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்ஸெல்லுக்கு எப்போதும் எரிபவை 2, செத்தவை 2, துணைப் பிக்ஸெல் குறைகள் 5 வரை இருக்கலாம். 2008-ல் ஐ.எஸ்.ஓ. 9241-307 இதன் இடத்திற்கு வந்தது. எத்தனை குறைகள் இருந்தால் மாற்றித் தருவோம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. எனவே வாரண்டியை மட்டும் நம்பாதீர்கள். வாங்கிய முதல் சில நாட்களில் கடை தரும் மாற்று வசதிதான் உங்களுக்குச் சுலபமான வழி.

செய்ய வேண்டியவை

* பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஐந்து வண்ணச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

* ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். அன்றே சோதியுங்கள்.

* சோதனை முடியும் வரை ஸ்கிரீன் கார்டு ஒட்டவேண்டாம்.

* பில்லின் பின்புறம் உள்ள சிறிய எழுத்துக்களைப் படியுங்கள். மாற்றித் தரும் கடைசி நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

* குறை தெரிந்தால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ ஈ-மெயிலுக்கோ போட்டோவுடன் எழுதி அனுப்புங்கள். தேதியோடு சான்று நிற்கும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டு மாட்டியிருக்கிறதே என்கிறீர்களா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளை, பில்லில் கண்ட காலத்திற்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவிற்குக் கட்டணம் கிடையாது.

அக்கா வீட்டு டேப்லட் இன்றும் அதே புள்ளியோடுதான் ஓடுகிறது. அடுத்த ஆண்டு அவர்கள் பெரம்பலூரில் ஒரு லேப்டாப் வாங்கப் போனார்கள். நான் போகவில்லை. அக்கா மகள் ஒரு பென் டிரைவில் ஐந்து படங்களைப் போட்டு எடுத்துச் சென்றிருந்தாள். பில் போடும் முன் அதைச் செருகிக் கறுப்புப் படத்தைத் திறந்ததும், திரையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறொரு பெட்டியை எடுத்து வந்தார். அதிலும் ஐந்து வண்ணங்களையும் பார்த்துவிட்டுத்தான் அவள் அப்பாவிடம், "இப்ப பணத்தைக் குடுங்கப்பா" என்றாளாம்.